ஒன்றரை மனிதர்கள்

பார்பே ஷ்ரோடரின் ‘வணக்கத்துக்குரிய டபிள்யூ’ (2017) ஆவணப்படம் ஒரு மீனைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது. காவியுடை அணிந்த ஒரு பிக்கு, குரலை உயர்த்தாமல், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நிதானமாக ஆப்பிரிக்கக் கெளுத்தியின் இயல்புகளைச் சொல்கிறார். சீக்கிரம் வளரும். சீக்கிரம் பெருகும். தன் இனத்தையே தின்னும். இருக்கும் இடத்தை நாசமாக்கும். நம் ஊரிலும் தடை செய்யப்பட்ட மீன்தான் அது. குட்டைகளில் பிடித்துக் குழியில் போட்டு மூடினார்கள் என்று செய்தித்தாளில் அவ்வப்போது பார்த்திருப்போம். பிக்கு பேச்சை முடிக்கும்போது, முஸ்லிம்களும் இந்த மீன் மாதிரிதான் என்கிறார். முகத்தில் கோபம் இல்லை. லேசான புன்னகை கூட இருக்கிறது.

அவர் அஷின் விராத்து. மியன்மாரில் ‘969’ இயக்கத்தின் முகமாக அறியப்பட்டவர். புத்தரின் ஒன்பது குணங்கள், தம்மத்தின் ஆறு, சங்கத்தின் ஒன்பது என்பதுதான் அந்த எண். முஸ்லிம் கடைகளில் தென்படும் 786க்கு எதிராகக் கடை வாசலில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கராக அது மாறியது. 2003இல் 25 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றவர், 2012இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். 2013 ஜூலையில் ‘டைம்’ பத்திரிகை இவர் படத்தை அட்டையில் போட்டு, பௌத்த பயங்கரவாதத்தின் முகம் என்று எழுதியது. 2023 ஜனவரியில் இராணுவ ஆட்சி இவருக்குப் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது. மியன்மாரின் பத்தாண்டுகளை இந்த ஒரு மனிதரின் வாழ்க்கைக் குறிப்பிலேயே ஓரளவு படித்துவிடலாம்.

ஷ்ரோடர் இதற்கு முன் இடி அமீனைப் பற்றியும் (1974), வழக்கறிஞர் ழாக் வெர்ஜேயைப் பற்றியும் (2007) படம் எடுத்தவர். ஆளைப் பேசவிட்டுக் கேமராவை நகர்த்தாமல் இருப்பது அவர் முறை. பேசப் பேச ஆள் தானே அவிழ்ந்துவிடுவார். இந்தப் படத்திலும் அது பலிக்கிறது. விராத்து தன் புகழை எவ்வளவு ரசிக்கிறார் என்பதை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. படம் கான் விழாவில் திரையிடப்பட்டது 2017 மே மாதம். மூன்றே மாதத்தில், ஆகஸ்ட் 25க்குப் பிறகு, ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் நாஃப் ஆற்றைத் தாண்டி வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடினார்கள். இன்று படத்தைப் பார்க்கும்போது அந்த மூன்று மாதம் நமக்குத் தெரியும், படத்துக்குத் தெரியாது. அதுவே பார்வையாளருக்கு ஒரு மாதிரி மூச்சுமுட்டலைத் தருகிறது.

ஆனாலும் படத்தின் அடிப்படை ஏற்பாட்டோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. விராத்துவின் பேச்சுக்கு நடுநடுவே ஒரு பெண்குரல் பௌத்த நூல்களின் வாசகங்களைச் சொல்கிறது, குறிப்பாக மெத்த சுத்தத்தை. எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்ற அந்தப் பாடம் ஒரு பக்கம், வெறுப்பு பேசும் பிக்கு மறுபக்கம். இது உண்மையான பௌத்தம், அது போலி. பார்க்கிற ஐரோப்பியருக்கு ஆறுதலான ஏற்பாடு. தியான வகுப்புக்குப் போகிறவர் அடுத்த வாரமும் நிம்மதியாகப் போகலாம். ஆனால் 2007இல் இராணுவத்துக்கு எதிராக ரங்கூன் தெருக்களில் மழையில் நடந்த பிக்குகளும் இதே மெத்த சுத்தத்தைத்தான் ஓதிக்கொண்டு போனார்கள். அந்த மக்கள்தான், அந்த மடங்கள்தான். ஐந்தாறு ஆண்டில் மக்கள் எல்லோருக்கும் சுத்தம் மறந்துபோயிற்று என்றா சொல்வது? ‘எல்லா உயிரும்’ என்ற சொல்லுக்குள் யார் யார் வருகிறார்கள் என்ற கணக்கு மாறியிருக்கிறது. படம் அந்தக் கணக்குப் பக்கம் போகவே இல்லை.

கணக்கு வேறொரு இடத்தில் நடந்தது. 2017 அக்டோபர் 30, கயின் மாநிலத்தில் தண்டவுங் என்ற ஊரின் இராணுவ முகாம். எல்லை தாண்டியவர்களின் எண்ணிக்கை அப்போதே ஆறு லட்சத்தைக் கடந்திருந்தது. அதிகாரிகள் நிறைந்த கூட்டத்தில் உரையாற்றியவர் விராத்து அல்ல, சிதகு சயாதோ. மியன்மாரில் மிகவும் மதிக்கப்பட்ட துறவிகளில் ஒருவர். பௌத்தக் கல்விக்கழகங்களை நிறுவியவர். 2008 நர்கிஸ் புயலின்போது நிவாரணப் பணி செய்தவர். விராத்துவைக் கண்டால் முகம் சுளிக்கிற நடுத்தர வர்க்கம் இவரைக் கண்டால் விழுந்து கும்பிடும். அவர் அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு கதை சொன்னார். மகாவம்சத்திலிருந்து. நம் துட்டகைமுனு, நம் எல்லாளன்.

தமிழ் வாசகர்களுக்கு அந்த இடம் தெரிந்ததுதான். 25ஆம் அத்தியாயம். எல்லாளனை வென்று அனுராதபுரத்தைப் பிடித்துவிட்ட துட்டகைமுனு அரண்மனை மேல்தளத்தில் இருக்கிறான். வாசனை விளக்குகள், நடனப் பெண்கள், மெத்தென்ற படுக்கை. ஆனால் மகிழ்ச்சி இல்லை. எத்தனை உயிர் போயிற்று என்ற நினைப்பு அவனை விடவில்லை. பியங்கு தீவிலிருந்து எட்டு அரகந்தர்கள் வான்வழியே வந்து சேர்கிறார்கள். அக்குரோணிக் கணக்கில் கொன்ற எனக்கு ஏது ஆறுதல் என்று அரசன் கேட்கிறான். சொர்க்கத்துக்குப் போகும் உன் வழியில் இதனால் தடையில்லை என்கிறார்கள் அவர்கள். நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான். ஒருவர் மும்மணிகளைச் சரணடைந்தவர், இன்னொருவர் ஐந்து சீலங்களை ஏற்றவர். மற்றவர்கள் தவறான கொள்கையினர், விலங்குகளுக்குச் சமம். சிதகு சயாதோ இதை எடுத்துச்சொல்லும்போது, தான் சொல்லவில்லை, இலங்கைப் பிக்குகள் சொன்னது என்ற பாவனையில் நகர்ந்துகொண்டார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் தமிழர்களுக்காகப் போட்ட கணக்கு அப்படியே ராக்கைனுக்குப் பொருந்திற்று.

நம்மில் பலருக்கு மகாவம்சம் என்றால் இந்த ஒரு பக்கம்தான். மேடையில், கட்டுரையில், யூடியூபில் இதையே எடுத்துக் காட்டிவிட்டு ‘பார்த்தீர்களா இவர்கள் புத்தியை’ என்று முடித்துவிடுவோம். நான் வாசித்தது வில்ஹெல்ம் கெய்கரின் 1912 மொழிபெயர்ப்பை. அந்தப் பக்கத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் போனால் நூல் ரொம்ப விசித்திரமாக இருக்கிறது.

பின்னால் போகலாம். அரகந்தர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அரசன் யோசிக்கிறான். சங்கத்துக்குக் கொடுக்காமல் எதையாவது சாப்பிட்டிருக்கிறேனா? சின்ன வயதில் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு அது. ஆமாம், ஒருமுறை ஒரேயொரு மிளகைப் பிக்குகளுக்குக் கொடுக்காமல் தின்றுவிட்டான். இதற்குப் பரிகாரம் செய்தாக வேண்டும். அந்தப் பரிகாரம்தான் மரிசவட்டி விகாரை. அனுராதபுரத்தில் மிரிசவெட்டிய என்ற பெயரில் இன்றும் வெள்ளையாக நிற்கிறது, சுற்றுலாப் போகிறவர்கள் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். கணக்கில்லாத உயிருக்கு ஒன்றுமில்லை, ஒரு மிளகுக்கு ஒரு தூபி. மகாநாமர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அவர் இதைக் கிண்டலாகச் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மகாவிகாரைப் பிக்குவான அவருக்குச் சங்கத்துக்குரிய மிளகு உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் வாசிக்கிற எனக்கு அந்த மிளகு தொண்டையில் நிற்கிறது.

முன்னால், 21ஆம் அத்தியாயத்தில், எல்லாளன் வருகிறான். சோழநாட்டிலிருந்து வந்து 44 ஆண்டுகள் ஆண்டவன், நண்பன் பகைவன் என்று பாராமல் நீதி சொன்னவன் என்கிறது நூல். கன்றைத் தேர்க்காலில் ஏற்றிக் கொன்ற மகனை அதே தேர்க்காலுக்குக் கொடுத்த கதை அங்கே இருக்கிறது. நம் மனுநீதிச் சோழன் கதையேதான். அதைவிட எனக்குப் பிடித்தது தூபிக் கதை. எல்லாளனின் தேர் தெரியாமல் மோதி ஒரு தூபியின் 15 கற்கள் பெயர்ந்துவிடுகின்றன. உடனே இறங்கிச் சாலையில் படுத்து, என் தலையையும் இதே சக்கரத்தால் துண்டியுங்கள் என்கிறான். தன் மதமல்லாத மதத்தின் 15 கற்களுக்கு! வேண்டாம், செப்பனிட்டால் போதும் என்று சமாதானம் செய்கிறார்கள். இவன் ‘தவறான கொள்கை’யினன் என்று நூலே சொல்கிறது. அப்படியானால் 25ஆம் அத்தியாயத்தின் கணக்குப்படி இவன் விலங்கு. ஆனால் அதே அத்தியாயத்தில் துட்டகைமுனு அவனுக்கு மரியாதையோடு ஈமச்சடங்கு செய்து, நினைவிடம் எழுப்பி, வழிபாட்டுக்கும் கட்டளையிடுகிறான். பிற்கால இளவரசர்கள் கூட அந்த இடத்தைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்திவிடுவார்களாம். விலங்குக்கு யார் வாத்தியத்தை நிறுத்துவார்கள்?

ஆக, ஒன்றரை என்ற கணக்கை நூலே நம்பவில்லை என்பது என் வாசிப்பு. குறைந்தபட்சம், முழுசாக நம்பவில்லை. நம்பியிருந்தால் அரசனுக்குத் தூக்கம் கெட்டதை எழுதியிருக்க வேண்டியதே இல்லை. வென்றான், வாழ்ந்தான் என்று போயிருக்கலாம். சிதகு சயாதோவின் முகாமில் அந்தத் தூக்கமின்மைக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. கதையில் அரசன் தானாகக் குற்றவுணர்வு கொள்கிறான், பிறகுதான் ஆறுதல் வருகிறது. முகாமில் சிப்பாய்க்குக் குற்றவுணர்வு வரும் முன்பே ஆறுதல் வந்துவிட்டது. சமாதானத்துக்குச் சொல்லப்பட்ட வாக்கியம் முன்கூட்டிய அனுமதியாகிவிட்டது. ‘வேதத்தைத் திரிக்கிறார்கள்’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் சொற்களை மாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறோம். இங்கே சொல் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சொல்கிற இடமும் கேட்கிறவர் கையில் இருப்பதும் மட்டும் மாறின.

மகாவம்சம் திரிபிடகத்தில் இல்லையே, அது புத்தவசனம் இல்லையே என்று பௌத்த நண்பர்கள் சொல்வார்கள். சரிதான், அது வரலாற்றுக் காவியம். ஆனால் மக்கள் மனசில் எது வேதம் என்பதை நூற்பட்டியலா முடிவு செய்கிறது? நாம் கூட அப்படித்தானே. பெரியபுராணத்தில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையைச் சேக்கிழார் சொல்கிறார். சம்பந்தர் சினம் கொள்ளவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை, சும்மா இருந்தார் என்கிறார். இதை யாராவது எடுத்தால் நாம் உடனே கல்வெட்டு ஆதாரம் கேட்போம், அது கவிஞரின் மிகை என்போம், பின்னால் வந்தவரின் கற்பனை என்போம். எல்லாம் நியாயமான வாதங்கள். மகாவம்சத்துக்கு மட்டும் இந்த வாதம் எதையும் கடன் கொடுக்க மாட்டோம். அவர்கள் நூல் அவர்களுடைய மனம், நம் நூல் வெறும் இலக்கியம்.

சரண் என்ற சொல்லுக்கு வருகிறேன். அரகந்தர்களின் கணக்கில் மனிதராகத் தேறுவதற்கான அளவுகோல்களில் ஒன்று, சரண் புகுந்திருப்பது. புகலிடம் உள்ளவன் மனிதன். தமிழில் இந்தப் பக்கத்தை யோசிக்கும்போது ‘அகதி’ என்ற சொல் குறுக்கே வந்து நிற்கிறது. கதி இல்லாதவர். போக்கிடம் இல்லாதவர். செத்த பிறகு போகும் இடத்தையும் நாம் நற்கதி என்றுதான் சொல்கிறோம். அரசனின் நற்கதிக்குத் தடையில்லை என்று சொல்லும் அதே மூச்சில் மற்றவர்கள் எல்லாம் கதியற்றவர்கள் ஆகிறார்கள். 1982 மியன்மார் குடியுரிமைச் சட்டம் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அரசு ஏற்கும் 135 இனங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் ரோஹிங்கியா என்ற பெயர் இல்லை. பட்டியலில் இல்லாதவர் வந்தேறி, வந்தேறி என்றால் வங்காளி.

அதைச் சொல்ல மியன்மாரில் இன்னொரு பழைய சொல்லும் உண்டு: கலா. இந்தியத் துணைக்கண்டத்து ஆட்களைக் குறிக்கும் வசைச்சொல். 1930களின் கலவரங்களில் தமிழ்க் கூலிகளும் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். 1942இல் நடந்தே அஸ்ஸாம் வந்தவர்கள் இருக்கிறார்கள், அறுபதுகளில் நே வின் ஆட்சியில் கடையையும் காசையும் இழந்து கப்பலேறியவர்கள் இருக்கிறார்கள். பாரிமுனையில் பர்மா பஜார் அவர்களால் வந்தது. அந்தப் பக்கம் நாம் வரிசையில் நின்று சாப்பிடும் அத்தோ அவர்கள் கொண்டுவந்தது. அத்தோ ரீல்ஸ் போடும் சென்னைக்குக் கொஞ்ச தூரத்தில், கேளம்பாக்கத்துப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில், அதே நாட்டிலிருந்து அதே சொல்லால் துரத்தப்பட்ட ரோஹிங்கியாக் குடும்பங்கள் வருஷக்கணக்காக இருக்கின்றன. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களுக்கும் இல்லை, நம் முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழருக்கும் இல்லை.

வெறுப்பு ஏற்றுமதியானது பற்றி இங்கே சொல்ல வேண்டும். 2014 செப்டம்பரில் விராத்து கொழும்புக்கு வந்து பொது பல சேனாவின் மாநாட்டில் கலந்துகொண்டார். அளுத்கமையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று ஆண்டு கழித்து, 2017 செப்டம்பர் 26 அன்று, கல்கிசையில் ஐ.நா. பாதுகாப்பில் ஒரு வீட்டில் இருந்த 31 ரோஹிங்கியாக்களை ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டது. முன்னால் பிக்குகள். உள்ளே இருந்தவர்களில் 16 பேர் குழந்தைகள். பயங்கரவாதிகள், பிக்குகளைக் கொன்றவர்கள் என்று கத்தினார்கள். போலீஸ் அந்தக் குடும்பங்களைப் பூசா தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோயிற்று. அமைச்சர் ராஜித சேனாரத்ன, ஒரு பௌத்தனாக வெட்கப்படுகிறேன் என்ற பொருளில் பேசினார். அந்த வெட்கத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. துட்டகைமுனுவின் தூக்கமின்மையின் வம்சத்தில் வருவது அது.

இவ்வளவு எழுதியபின் ஒரு முடிச்சு மிஞ்சுகிறது. எல்லாமே வேதவாசிப்பின் பிரச்சினை என்றால் ஆச்சேவை எப்படி விளங்கிக்கொள்வது? 2015 மே மாதம், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா என்று மாறி மாறி நாடுகள் ரோஹிங்கியாப் படகுகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது, இந்தோனேசியாவின் ஆச்சே மீனவர்கள் அவர்களைக் கரைசேர்த்தார்கள். அங்கே பங்லிமா லாவோட் என்ற மீனவர் அமைப்பின் பழைய கடல் வழக்கம் இருக்கிறது. கடலில் தத்தளிப்பவர் யாரானாலும் தூக்க வேண்டும். கூடவே ஒரே மதம். சரி. ஆனால் 2023 டிசம்பரில் அதே ஆச்சேயின் தலைநகரில், மாணவர் கூட்டம் ஒன்று ரோஹிங்கியாக்கள் தங்கியிருந்த கட்டடத்துக்குள் புகுந்து, அழுதுகொண்டிருந்த பெண்களையும் குழந்தைகளையும் வெளியேறச் செய்தது. அதே மதம், அதே வேதம், மேற்கோளுக்கு ஒரு வசனம் கூடத் தேவைப்படவில்லை. போனில் சுற்றிய வதந்திகள் போதுமாக இருந்தன.

அதனால் மதநூலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் விமர்சனத்திலும், அதை மாசற்றதாக மீட்டெடுக்கும் விமர்சனத்திலும் எனக்கு நாட்டமில்லை. இரண்டும் நூலுக்கு இல்லாத பலத்தை அதற்குக் கொடுக்கின்றன. வெறுப்பு நூலில்லாமலே பிழைத்துக்கொள்ளும். நூல் கிடைத்தால் அதற்குத் தூக்கம் நன்றாக வரும், அவ்வளவுதான். ஷ்ரோடர் படத்தில் நான் தேடியது இந்த வித்தியாசத்தை. விராத்து இல்லாமலும் நடந்திருக்கக்கூடியது எது, ஒரு மதிப்புக்குரிய பெரியவர் வந்து சொன்னதால் மட்டும் நடந்தது எது? வில்லனின் முகத்தை நூறு நிமிடம் பார்ப்பதால் இதற்குப் பதில் கிடைப்பதில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைக் கேமரா இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்திருக்கலாம்.

2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களோடு ஒரு படகு இலங்கையில் ஒதுங்கியது. ஒதுங்கிய இடம் முள்ளிவாய்க்கால். கதை எழுதுகிறவர் யாராவது இதை எழுதியிருந்தால் செயற்கை என்று நானே சொல்லியிருப்பேன். அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு முல்லைத்தீவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். திருப்பி அனுப்பாதே என்று கேட்டு அங்கே தமிழர்கள் தெருவில் நின்றார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது மணிமேகலை. தமிழின் பௌத்தக் காப்பியத்தில், ஆதிரை பிச்சையிட்ட காதையில், சாதுவன் என்ற வணிகனின் கப்பல் உடைகிறது. மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலைக்கு வந்து சேர்கிறான். மனிதரைத் தின்னும் நாகர்கள். அவர்கள் மொழி இவனுக்குத் தெரிந்திருப்பதால் பிழைக்கிறான். அவர்களின் தலைவனுக்கு அறம் சொல்கிறான், எங்களால் முடிந்த அறமாகச் சொல் என்று தலைவன் கேட்கிறான். சாதுவன் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: கப்பல் உடைந்து உயிர் தப்பி இந்தக் கரைக்கு வருகிறவர்களைக் கொல்லாதீர்கள், காப்பாற்றுங்கள். புலால் பற்றிய பேச்சு அதற்கு அடுத்துதான் வருகிறது. மும்மணிச் சரணம் ஏற்றவர்களை மட்டும் என்று அவன் சேர்க்கவில்லை.

நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் அதற்கும் பிறகு வருவது. நாகர் தலைவன் மகிழ்ந்துபோய் அவனுக்குப் பரிசு தருகிறான். வாசமரங்கள், மெல்லிய துணிகள், செல்வக் குவியல். இவையெல்லாம் முன்பு கப்பல் கவிழ்ந்து வந்தவர்களை நாங்கள் தின்றபோது மிஞ்சிய பொருள்கள் என்று மறைக்காமல் சொல்கிறான். சாதுவன் வாங்கிக்கொள்கிறான். சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பல் வருகிறது, ஏற்றிக்கொண்டு புகாருக்குத் திரும்புகிறான், ஆதிரையோடு சேர்ந்து நிறைய தானம் செய்கிறான். அந்தத் துணிகளை உடுத்தியிருந்தவர்கள் யார், எந்த ஊர், எத்தனை பேர் என்று அவன் கேட்டதாகச் சாத்தனார் எழுதவில்லை.